பாதைக்குக் காத்திருந்த கார்

குருமண்வெளித் துறை.
பாதை அக்கரையில் நின்றது.
பாதை என்றால் எங்களுக்கு வீதியல்ல,
வாவியைக் கடக்கும் இரும்புத் தட்டு.

எஞ்சினை நிறுத்தி
காற்றாடியையும் ரேடியோவையும் ஓடவிட்டேன்.
பின்சீற்றில் மூன்று தட்டுக் கேக்,
அதைப் பிடித்தபடி துஷ்யந்தி.
மண்டூரில் நாலரைக்குக் கல்யாணப் பதிவு.
பட்டர் ஐசிங்குக்கு முகூர்த்தம் விளங்காது,
வெயில் மட்டும் விளங்கும்.

பாதை திரும்பி வந்தது.
திறப்பைத் திருப்பினேன்.
டிக்.
டிக் டிக் டிக்.
பல்லிகூட இதைவிட நல்லதாய் ஏதாவது சொல்லும்.

தள்ள ஓடிவந்தார்கள் மூன்று பெடியன்கள்.
ஓட்டோ கியர் தம்பி, தள்ளி எழுப்பேலாது.
நெல் லொறியிலிருந்து நிஸ்மி இறங்கினார்,
பொனற்றுக்குள் பார்த்துத் தலையாட்டினார்.
"என்ட லொறி இருபத்தினாலு வோல்ற்றுகா.
உங்கட கார் பன்னிரண்டு.
இதில இருந்து குடுத்தா உசிர் வராது,
பொகைதான் வரும்."
உதவ மறுத்ததுதான்
அன்றைக்குக் கிடைத்த முதல் உதவி.

வரிசையின் கடைசியில் புவிராஜின் பட்டா.
பன்னிரண்டு வோல்ற்று, வயரும் இருந்தது,
உதட்டில் சிகரட்டும் இருந்தது.
அணையுங்க, என்றேன்.
பற்றரியும் மூச்சு விடும்.
அந்த மூச்சு பற்றும்.
சிரித்தார், ஆனாலும் அணைத்தார்.

கையிலிருந்த நாலு காப்பையும் கழற்றி
முன்சீற்றில் போட்டேன்.
மோதிரம் வரவில்லை,
ஐசிங் தடவி உருவினேன்.
பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன்.
வீக்கமில்லை, வெடிப்பில்லை, கசிவில்லை.
இருந்திருந்தால்
கேக் உருகட்டும் என்று விட்டிருப்பேன்.

வண்டிகள் இரண்டும் முட்டாமல்,
எஞ்சின் இரண்டும் தூங்க,
சிவப்பு முதலில் என் செத்த பற்றரியின் கூட்டலில்,
மறுமுனை அவருடைய கூட்டலில்.
கறுப்பு அவருடைய கழித்தலில்.

மிஞ்சியது ஒரு கவ்வி.
துறையே கை நீட்டியது:
"அந்தக் கழித்தலில மாட்டுங்க!"
இல்லை.
பற்றரிக்கு எட்டத்தில்
எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஒரு போல்ற் தேடி
அதைக் கவ்வவிட்டேன்.
சின்னப் பொறி ஒன்று பறந்தது.
"அங்க மாட்டியிருந்தா
இந்தப் பொறி அங்க விழுந்திருக்கும்" என்றார் நிஸ்மி,
மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல.

புவிராஜ் தன் பட்டாவை ஓடவிட்டார்.
பொறுக்க வேண்டியது ஐந்து நிமிடம்.
ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று
மேல்தட்டு ரோசாவைக் கேளுங்கள்,
முதல் இதழ் சரிந்தது அப்போதுதான்.

திருப்பினேன்.
இருமியது, தயங்கியது, பிடித்தது.
பெடியன்கள் கைதட்ட
நான் வந்த வழியே கழற்றினேன்:
எஞ்சினில் இருந்த கறுப்பு,
அவர் கறுப்பு, அவர் சிவப்பு, என் சிவப்பு,
ஒரு வாய் இன்னொரு வாயில் முட்டாமல்.

பாதைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி சொன்னார்:
"எஞ்சின நிப்பாட்டினாத்தான் ஏத்துவன்."

துறை முழுக்கச் சிரித்தது.
நானும்தான், வேறென்ன செய்ய?

துஷ்யந்தி பெரிய தட்டோடு பாதையில் ஏறினாள்.
தள்ள வந்து தள்ளாமல் நின்ற பெடியன்களில்
இருவர் கையில் மற்றத் தட்டுகள்,
மூன்றாமவன் கையில் என் குடை.
தண்ணீர்மேல் ஒரு கேக் போவதை
அன்றுதான் பார்த்தேன்.

நான் தரைவழி.
களுவாஞ்சிகுடி, பட்டிருப்புப் பாலம்,
போரதீவு, வெல்லாவெளி.
ரேடியோ இல்லை, ஏசி இல்லை, காற்றாடி இல்லை.
ஒவ்வொரு மைலையும்
பற்றரிக்கு ஊட்டிக்கொண்டு போனேன்.
சந்தியில் மாடுகள் மறித்தபோதும்
திறப்பில் கைவைக்கவில்லை.

மண்டூரில் கேக் எனக்கு முன்னமே மேசையில்.
சரிந்த ரோசாவைத் துஷ்யந்தி
சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.
"நிப்பாட்டிட்டு இறங்குங்களன்"
என்றார் பெண்ணின் தகப்பன்.

இன்னும் கொஞ்சம் ஓடட்டும், என்றேன்.
அப்போதுதான் பக்கத்துச் சீற்றைப் பார்த்தேன்.
என் காப்புகளின் மேல்
சுருண்டு கிடந்தது புவிராஜின் வயர்,
சிவப்பும் கறுப்புமாய்.
அவருடைய நம்பரை
நான் கேட்கவேயில்லை.